கப்பலுக்கு முன்னும் பின்னும்: ஒரு சேலத்துப் பயண அலுவலகத்துக்கு என் தணிக்கைக் குறிப்பு

டான்யூப் நதியில் கப்பல் பயணம் போக நினைக்கிற சேலத்துக்காரர்களுக்குக் கப்பலைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அறை எப்படி, படுக்கை எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதெல்லாம் கேட்ட இடத்தில் கிடைக்கும். நான் எழுத வந்தது வேறு விஷயம். கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாட்களுக்கும் இறங்கிய பின் மிஞ்சும் நாட்களுக்கும் ஊர் சுற்றும் திட்டம் போட்டுத் தருவதற்கென்றே தனிக் கட்டணம் வாங்கும் ஓர் அலுவலகம் சேலம் பேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. அதன் வேலையைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கணக்கு இன்னும் நேராகவில்லை.

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரசீதின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் பணியோடு போய்விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சேலம் உருக்காலையில் இருந்தவர்; வலது முழங்கால் அவர் சொன்னபடி கேட்பதில்லை. மூன்றாவது ஆள் என் நாத்தனார். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறாள், சுத்த சைவம். மே மாதம் கோடை விழாவுக்கு மலையேறி வருகிறவர்கள் அவள் வீட்டு வாசலை மறித்துக் காரை நிறுத்திவிடுவதால், அந்த மாதத்தில் யார் எங்கே கூப்பிட்டாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நதிக் கப்பல் பயணத்தின் கணக்கு முதலில் புரிய வேண்டும். ஜெர்மனியின் பாஸாவ் நகரில் ஏறி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் இறங்குவது எங்கள் பயணம். ஒரு வாரம். ஏறும் நாளன்று பிற்பகல்தான் அறைக்குள் விடுவார்கள். இறங்கும் நாளன்று காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு பெட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். இந்த இரண்டு நேரங்களுக்கு இடையில் மட்டும்தான் கப்பல் நிறுவனம் பொறுப்பு. அதற்கு முன்னும் பின்னும் கூடுதல் நாட்களை அவர்களே விற்கிறார்கள். விலை கேட்டால் பர்ஸை மூடிவிடுவீர்கள். நாமே தங்கிக்கொள்கிறோம் என்றால் விமான நிலையத்திலிருந்து கப்பலுக்கு அழைத்துப் போகும் வண்டியும் பெரும்பாலும் கிடைக்காது. இந்த இடைவெளியில்தான் பேர்லேண்ட்ஸ் அலுவலகம் கடை விரித்திருக்கிறது.

முதலில் வரவு. நாங்கள் கேட்டுப் போனது நியூரம்பெர்க்கில் தொடங்கும் பயணம். அங்கிருந்த இளம்பெண் (பட்டப்படிப்பு முடித்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும்) அதை வேண்டாம் என்றாள். காரணம் கேட்டேன். வரைபடத்தை விரித்து, ஸ்ட்ராபிங் என்ற ஊருக்கும் ஃபில்ஸ்ஹோஃபன் என்ற ஊருக்கும் இடையே விரலை ஓட்டினாள். அந்தச் சுமார் 70 கிலோமீட்டரில் நதியைத் தேக்கும் தடுப்பணைகள் இல்லை, நீர் இயல்பாக ஓடுகிறது, மழை குறைந்தால் முதலில் கப்பல் தட்டுவது அங்கேதான் என்றாள். பாஸாவ் அந்தப் பகுதிக்குக் கீழே இருக்கிறது. 2022 கோடையில் ஐரோப்பிய நதிகள் வற்றியதும், 2024 செப்டம்பரில் பெருமழை வந்து டான்யூப்பில் கப்பல்கள் ஆங்காங்கே நின்றுபோனதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கப்பல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் நீர்மட்டம் பற்றிய பிரிவைத் தானாகவே எடுத்துக் காட்டினாள். நீர் கூடினாலும் குறைந்தாலும் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பலாம், வேறு கப்பலுக்கு மாற்றலாம், பணம் திருப்பித் தரத் தேவையில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. விற்க வந்தவள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள் என்பதற்காகவே நான் முன்பணம் கட்டினேன்.

விமான டிக்கெட்டும் அவள் யோசனைதான். பெங்களூரிலிருந்து மியூனிக் போவது, புடாபெஸ்ட்டிலிருந்து திரும்புவது, இரண்டும் ஒரே டிக்கெட்டில். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவது என்ற பழக்கத்தில் எத்தனையோ பேர் கடைசி நாளை ரயிலில் கழிக்கிறார்கள். நதி நம்மை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்போது எதிர்த்திசையில் திரும்பி ஓட வேண்டிய அவசியம் இல்லை.

விசாவில் அவள் செய்த வேலைக்கு முழு மதிப்பெண். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவை, எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். விடுதிப் பதிவுகளை மட்டும் பார்த்தால் எங்களுக்கு ஹங்கேரி என்றுதான் தோன்றும். ஆனால் கப்பல் எந்த இரவு எந்த நாட்டின் நீரில் நிற்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி போட்டு, ஊர், நாடு, தங்குமிடம் என்று அவள் ஒரு பட்டியல் தயாரித்தாள். வியன்னா, லின்ஸ், வாகாவ் பள்ளத்தாக்கு எல்லாம் சேர்ந்து தராசு ஆஸ்திரியா பக்கம் சாய்ந்தது. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து போடலாம். இவையெல்லாம் யாரும் சொல்வார்கள். காப்பீடு கப்பல் நாட்களுக்கு மட்டும் இல்லாமல் முன்பின் நாட்களையும் சேர்த்து ஓட வேண்டும் என்பதை அவள்தான் சிவப்பு மையில் எழுதி வைத்தாள்.

இனி பற்று.

அலுவலக உரிமையாளர் கையெழுத்திட்டு அனுப்பிய முதல் திட்டம் அச்சில் அழகாகத்தான் இருந்தது. மியூனிக்கில் இறங்கிய அன்றே காரில் பிராக். அங்கே இரண்டு இரவு. பிறகு காரில் பாஸாவ், உடனே கப்பல். கப்பல் பயணத்தின் நடுவில் லின்ஸ் நகரிலிருந்து பஸ்ஸில் சால்ஸ்பர்க் போகும் கூடுதல் கட்டணச் சுற்றுலா. முடிவில் புடாபெஸ்ட்டில் மூன்று இரவு. அதில் முதல் நாள் நகரச் சுற்றுலா, இரண்டாம் நாள் நுண்கலை அருங்காட்சியகம், மூன்றாம் நாள் ‘ஓய்வு’.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

முதல் ஆட்சேபணை பிராக். அழகான ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சார்லஸ் பாலத்துக்கு 1357-இல் அடிக்கல் போட்டார்கள், அங்குள்ள வானியல் கடிகாரம் 1410-இலிருந்து இருக்கிறது. ஆனால் பிராக் டான்யூப்பின் கரையில் இல்லை. அது வல்டாவா நதியின் ஊர். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நெரிசலில் ஊர்ந்து, பெங்களூரு நகரத்தையே குறுக்கே கடந்து விமான நிலையம் சேருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதற்குமேல் ஓர் இரவு விமானத்தில். இறங்கினதும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கார். முழங்கால் மடக்கியே கிடக்க வேண்டும். ஒரு பகல் பார்ப்பதற்கு இரண்டு பகல் வண்டியில். கப்பல் நிறுவனங்கள் பிராகைத் தங்கள் பட்டியலில் வைத்திருக்கின்றன என்பதற்காக எல்லா அலுவலகங்களும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டுகின்றன.

உரிமையாளர் சொன்னார்: “எல்லோரும் கேட்கிறார்கள் மேடம்.”

“கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். எங்களுக்குச் சால்ஸ்பர்க் போடுங்கள்.”

மியூனிக் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வந்து ரயில் மாறினால் சால்ஸ்பர்க் இரண்டரை மணி நேரச் சமாச்சாரம். அங்கிருந்து வெல்ஸ் என்ற நிலையத்தில் மாறி பாஸாவ் போகவும் ஏறத்தாழ அவ்வளவுதான். இரண்டும் ரயிலில், காலை நீட்டிக்கொண்டு, மடியில் புளிசாதப் பொட்டலத்தோடு. சால்ஸ்பர்க்கை முன் நாட்களில் பார்த்துவிட்டால் கப்பலின் நடுவே லின்ஸில் இருந்து பஸ் பிடித்து அதே ஊருக்கு வரும் கூடுதல் கட்டணச் சுற்றுலா தேவையில்லை. அந்த வரியையும் அடித்தேன். அந்த ஒரு வரி மூன்று பேருக்கும் என்ன தொகை என்பதை இங்கே எழுதினால் என் நாத்தனார் மறுபடியும் பேச ஆரம்பித்துவிடுவாள்.

ரயில் டிக்கெட்டிலும் ஒரு குறிப்பு. மியூனிக் முதல் சால்ஸ்பர்க் வரை விரைவு ரயிலில் மூன்று தனித்தனி டிக்கெட் போட்டிருந்தார்கள். பவேரியா மாநில ஒரு நாள் டிக்கெட் என்று ஒன்று உண்டு. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்துகொள்ளலாம், மாநில எல்லை தாண்டி சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும், விமான நிலைய ரயிலுக்கும் அதுவே போதும். வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் பயன்படுத்தலாம், அதிவேக ரயில்களில் ஏற முடியாது. எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லையே. இதை ஓர் அலுவலகம் தானாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்ட பிறகு மாற்றிக்கொடுத்தார்கள்.

சால்ஸ்பர்க்கில் விடுதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அதற்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குகிறோம் என்பதையும், ஆஸ்திரியாவில் அன்று கடைகள் பூட்டிக்கிடக்கும் என்பதையும் மட்டும் திட்டத்தில் எழுத மறந்துவிட்டார்கள். நிலையத்துக்குள் இருந்த கடை திறந்திருந்ததால் தயிரும் ரொட்டியும் கிடைத்தன. கோட்டை மலை மேல் இருக்கிறது. 1077-இல் கட்டத் தொடங்கியது. 1892 முதல் ஓடும் சரிவு ரயிலில் ஏறிவிடலாம் என்பதால் முழங்கால் முனகவில்லை. 1756-இல் மொசார்ட் பிறந்த மஞ்சள் வீட்டுக்கு வெளியே நின்று படமெடுக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே படிகள் அதிகம் என்று கேள்விப்பட்டு, மிராபெல் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டோம். மழை வந்தது. சால்ஸ்பர்க்கில் மழை வராவிட்டால்தான் செய்தி.

பாஸாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று எழுதுகிறேன். பெரும்பாலான பயணிகள் அந்த ஊரைக் கப்பல் ஏறும் படிக்கட்டாக மட்டும் பார்க்கிறார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி, பெட்டியைக் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய்விடுகிறார்கள். கப்பலுக்கு முந்தைய இரவை அங்கேயே தங்குங்கள் என்று சொன்னவளும் அதே இளம்பெண்தான். விமானம் தாமதமானாலும், ரயில் தப்பினாலும், ஓர் இரவு கைவசம் இருக்கட்டும் என்றாள். அதைவிடப் பெரிய லாபம் ஊரே.

டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று நதிகள் அங்கே கலக்கின்றன. நிலம் கூர்மையாக முடியும் முனையில் போய் நின்றால் மூன்றும் மூன்று நிறம். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் சாம்பல் கலந்த பச்சை. சதுப்பு நிலங்களிலிருந்து வரும் இல்ஸ் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்குப் பக்கத்தில். டான்யூப் அன்று மங்கிய பழுப்பு. கலந்த பிறகும் கொஞ்ச தூரத்துக்கு நிறங்கள் சேராமல் பக்கம் பக்கமாகவே போகின்றன. சராசரியாகப் பார்த்தால் அந்த இடத்தில் டான்யூப்பைவிட இன் நதிதான் அதிக நீர் கொண்டுவருகிறது; பெயர் மட்டும் டான்யூப்புக்குப் போய்விட்டது. என் நாத்தனார் அங்கிருந்த கல் படிகளில் இறங்கினாள். “பவானி கூடுதுறையேதான் அண்ணி” என்றவள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நீரை அள்ளி மூன்று முறை தலையில் தெளித்துக்கொண்டாள். பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு பாட்டி என்ன நினைத்தாரோ, தானும் குனிந்து விரலை நனைத்துக்கொண்டார்.

நகராட்சி மன்றக் கோபுரத்தின் சுவரில் வெள்ளக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஆண்டு. எல்லாவற்றுக்கும் மேலே 1501. அதற்கு அடுத்தது 2013; அந்த ஜூன் மாதம் டான்யூப் 12.89 மீட்டருக்கு ஏறியது. எங்கள் வீட்டுக்காரர் கையை உயர்த்தி அளந்து பார்த்தார். எட்டவில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்கு அந்தச் சுவர்தான் விளக்கவுரை.

மறுநாள் காலையைத் திட்டத்தில் காலியாக விட்டிருந்தார்கள். முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பிறகுதான் கீழே சிறிய எழுத்தில் குறிப்பைப் பார்த்தேன். புனித ஸ்டீபன் பேராலயத்தில் மே முதல் அக்டோபர் வரை வார நாட்களில் நண்பகல் 12 மணிக்கு ஆர்கன் கச்சேரி. 17,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட கருவி. அரை மணி நேரம்தான். அடித்தொண்டைக் குழாய்கள் முழங்கும்போது உட்கார்ந்திருக்கும் மரப் பலகை வழியாகத் தொடையில் அதிர்வு ஏறுகிறது. காதால் கேட்பதா, எலும்பால் கேட்பதா என்று தெரியாத சத்தம். கச்சேரி முடிந்து, சாப்பிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் கப்பல் கதவு திறக்கும் நேரம். இந்தப் பொருத்தத்தை யோசித்தவளுக்குச் சம்பளம் கூட்டலாம்.

குறை இருப்பதும் பாஸாவில்தான். பழைய நகரத்தில் எங்களுக்குப் போட்டிருந்த விடுதியில் மின்தூக்கி இல்லை. மூன்றாவது மாடி. மரப்படிகள், ஒவ்வொன்றும் நடுவில் தேய்ந்து குழிந்தவை, திருகிக்கொண்டு ஏறுகின்றன. முழங்கால் பிரச்சினையை விண்ணப்பப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. பெட்டிகளை வரவேற்பில் இருந்த பையன் தூக்கிக்கொண்டு போனான். எங்கள் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறினார். நடுவில் ஓரிடத்தில் நின்று, சுவரில் மாட்டியிருந்த படத்தை ரசிப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“அது பாரம்பரியக் கட்டடம் மேடம்.”

“எங்கள் வீட்டுக்காரரின் முழங்காலும் பாரம்பரியம்தான். அதற்கு என்ன செய்யலாம்?”

பதில் வரவில்லை. அந்தக் கோப்பு அப்படியே இருக்கிறது.

கப்பல் எந்தக் கரை எண்ணில் நிற்கும் என்பது அன்றுதான் மாறியது. டாக்சியை வேறு இடத்துக்குச் சொல்லியிருந்தோம். அப்போது சேலத்தில் மாலை நெருங்கிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். இளம்பெண்ணுக்குச் செய்தி அனுப்பிய சற்று நேரத்தில் டாக்சிக்காரரே எங்களுக்கு அழைத்துப் புதிய இடத்தைச் சொன்னார். இதற்குத்தான் காசு.

கப்பல் நாட்களை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுகிறேன், ஒன்றைத் தவிர. லின்ஸ் நகரில் மற்றவர்களெல்லாம் பஸ் ஏறிச் சால்ஸ்பர்க் போனார்கள். எங்களுக்கு அந்த நாள் மிச்சம். முன்கூட்டிப் பார்த்துவிட்டதால் கிடைத்த மிச்சம். லின்ஸ் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உருக்குத் தொழிலில் இருந்தவர்கள் எல்.டி. முறை என்று படித்திருப்பார்கள். உருகிய இரும்பின் மேல் தூய ஆக்சிஜனை ஊதி எஃகாக்கும் முறை. அதில் முதல் எழுத்து இந்த லின்ஸ், இரண்டாவது டோனாவிட்ஸ். 1952-இல் இங்கேதான் அதன் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. நம் ரூர்கேலா ஆலை அந்த முறையை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று. எந்தக் கப்பல் புத்தகத்திலும் இது இல்லை, எங்கள் திட்டத்திலும் இல்லை. ஆனால் நாங்கள் கேட்டதும் ஃபோஸ்டால்பைன் ஆலையின் பார்வையாளர் மையத்துக்கு அந்தப் பெண் பதிவு செய்து கொடுத்தாள். முழங்காலைப் பற்றி அன்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை. வழிகாட்டியிடம் சேலத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுவதைப் பற்றி இவர் பேச ஆரம்பித்து, அந்த மனிதர் கடைசியில் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். நானும் நாத்தனாரும் வெளியே காபி குடித்தோம். வியன்னா காபியைப் பற்றி உலகம் பேசட்டும், தோட்டக்காரியின் தீர்ப்பு, “கொட்டை நல்லது அண்ணி, வறுத்தவர்தான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறார்.”

புடாபெஸ்ட்டுக்குக் கப்பல் இரவில் நுழைந்தது. விளக்கு போட்ட நாடாளுமன்றத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை, நான் எழுதவில்லை. காலையில் திரையை விலக்கினால் ஓர் அடி தூரத்தில் இன்னொரு கப்பலின் ஜன்னல், அதில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர். துறையில் இடம் குறைவு என்பதால் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். ஒரு கப்பலின் வரவேற்பறை வழியாக நடந்துதான் இன்னொன்றிலிருந்து கரைக்கு வர வேண்டும். கடைசி நாள் காட்சிக்காக அதிக விலை அறை எடுக்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்கவும்.

என் பெரிய ஆட்சேபணை புடாபெஸ்ட்டில் இருந்தது. கப்பல் கட்டணத்திலேயே அந்த ஊரின் நகரச் சுற்றுலா அடக்கம்: கோட்டைக் குன்று, மத்தியாஸ் ஆலயம், மீனவர் கொத்தளம், வீரர் சதுக்கம். அலுவலகம் பின் நாட்களுக்குப் போட்டிருந்த தனிக்கார் நகரச் சுற்றுலா: கோட்டைக் குன்று, மத்தியாஸ் ஆலயம், மீனவர் கொத்தளம், வீரர் சதுக்கம். வரிசைகூட மாறவில்லை. ஒரே செலவை இரண்டு பதிவேட்டில் எழுதுவதைச் சங்கங்களில் நான் எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். அங்கே அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். இங்கே “கப்பல்காரர்கள் மேலோட்டமாகத்தான் காட்டுவார்கள் மேடம்” என்றார்கள். கப்பல் நிறுவனத்தின் நாள்வாரி அட்டவணையை இந்த அலுவலகத்தில் யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. பார்த்திருந்தால் அருங்காட்சியகத்தைத் திங்கட்கிழமையில் போட்டிருக்க மாட்டார்கள். திங்களன்று அது பூட்டு.

இரண்டையும் ரத்து செய்யச் சொல்லிப் புறப்படுவதற்கு வெகு முன்பே எழுத்தில் கொடுத்தேன். அவற்றின் இடத்தில் நாங்கள் போட்டது இவை. நாடாளுமன்றத்தின் உட்புறம்: 1902-இல் அவை கூடத் தொடங்கிய கட்டடம், 268 மீட்டர் நீளம், 96 மீட்டர் உயரம், நடுவே ஹங்கேரியின் பழைய மணிமுடி காவலோடு. டிக்கெட் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்குக் கட்டணம் அதிகம். கரையோரமாகப் போகும் 2-ஆம் எண் டிராம்: சாதாரண டிக்கெட்டில் முழு நதிக்காட்சி, தனிக்கார் எதற்கு? நாடாளுமன்றத்தின் அருகே கரையில் 60 ஜோடி இரும்புச் செருப்புகள். 1944–45-இல் யூதர்களைக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்ட இடத்தின் நினைவாக 2005-இல் வைத்தவை. குழந்தைச் செருப்பும் இருக்கிறது. அந்த இடத்துக்கு வழிகாட்டி வேண்டியதில்லை.

பிறகு 1-ஆம் எண் மெட்ரோ. 1896-இல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பியப் பெருநிலத்தில் இதுதான் மூத்தது. மற்ற ஊர்களில் சுரங்க ரயிலுக்குப் பாதாளம் வரை இறங்க வேண்டும். இங்கே தெருவிலிருந்து சில படிகள் இறங்கினால் வெள்ளை ஓடு பதித்த குட்டி நிலையம், மஞ்சள் வண்டி. முழங்காலுக்காகவே கட்டியதோ என்று தோன்றும். அதில் போய் இறங்கினால் செச்செனி வெந்நீர்க் குளம். 1913-இல் கட்டிய மஞ்சள் மாளிகை, திறந்தவெளியில் ஆவி பறக்கும் நீர், இடுப்பளவு வெந்நீரில் நின்று சதுரங்கம் ஆடும் பெரியவர்கள். நீச்சலுடை கட்டாயம் என்றதும் நாத்தனார் முகம் சுருங்கியது. முழங்கையும் முழங்காலும் மறைக்கும் உடை சேலத்திலேயே வாங்கி வந்திருந்தேன், அதை அனுமதித்தார்கள். இறங்கியவளை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

சைவத்துக்குப் புடாபெஸ்ட் கஷ்டம் என்பார்கள். உருளைக்கிழங்கையோ கீரையையோ குழைத்துச் செய்யும் ஃபோசெலேக், எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டி, குளிரக் குளிரத் தரும் புளிச் செர்ரிச் சூப் ஆகியவை இருக்கும்போது பட்டினி இல்லை. ஃபோசெலேக் கடைகளில் மேலே இறைச்சிக் குழம்பு ஊற்றியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பருப்புப்பொடி எதற்கும் கையில் இருக்கட்டும்.

கடைசி விடுதியை டியாக் சதுக்கத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தது மிகச் சரியான தேர்வு. மூன்று மெட்ரோ பாதைகள் சேரும் இடம், விமான நிலையத்துக்குப் போகும் பஸ் புறப்படும் இடமும் அதுவே. அந்த பஸ்ஸுக்குத் தனி டிக்கெட், வழக்கமான அட்டை செல்லாது என்ற குறிப்பும் திட்டத்தில் இருந்தது. கப்பலிலிருந்து காலையில் இறங்கிவிடுகிறோம், விடுதி அறை பிற்பகல்தான் கிடைக்கும். இடையில் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி முன்பே விடுதிக்கு எழுதியிருந்தார்கள். மின்தூக்கியும் இருந்தது.

இந்த அலுவலகத்துக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம், அந்த இளம்பெண்ணைக் கேட்டு அவளிடமே உட்காருங்கள். உரிமையாளர் தரும் அச்சிட்ட திட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கப்பல் நிறுவனத்தின் நாள்வாரி அட்டவணையைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள். இரண்டிலும் வருவதை அடியுங்கள். மின்தூக்கி இருக்கிறது என்று விடுதியே எழுதிய கடிதத்தைக் கேளுங்கள். ஏறும் ஊரில் ஓர் இரவு இல்லாத திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்காக அவர்கள் பிடித்து வைக்கும் வரிக்குச் சான்று வாங்க மறக்காதீர்கள். வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அதில் மூன்று அந்தப் பெண்ணுடையது.

ஒரு கணக்கு நேராகவில்லை என்றேனே, அது இதுதான். ரத்து செய்த புடாபெஸ்ட் நகரச் சுற்றுலாவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் கட்டிய தொகையைத் திருப்பிக் கேட்டேன். ‘அடுத்த பயணத்தில் ஈடுசெய்துகொள்ளலாம், ஓராண்டுக்குள்’ என்று ஒரு கடன் குறிப்பு அனுப்பியிருக்கிறார்கள். நாத்தனார் ரைன் நதி, ரைன் நதி என்று ஆரம்பித்திருப்பதால் அதை வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். அந்தக் குறிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காசோலையாகத் தரவும் என்று பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன், பாஸாவ் மரப்படிகளின் புகைப்படத்தையும் எங்கள் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் இணைத்து.